கரி போடாத இஸ்திரிப் பெட்டிக்கு நன்றி

தோழர்களே, நண்பர்களே,

என் புத்தகத்துக்காக வைத்திருந்த, வெள்ளத்தில் நனைந்த பழைய போல்ஷ்விக்-லெனினிஸ்ட் கட்சித் தாள்கள் காய்ந்துவிட்டன. அந்த மூன்று நாள் கதை உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் நின்று பெட்டி தூக்கியவர்கள்தானே. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணனுக்கு. ஈரக் காகிதக் கட்டோடு அவரிடம் ஓடி, "சூடாகத் தேய்த்துக் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். அவர் ஒரு தாளை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இது பட்டு மாதிரி சார். நேரா சூடு காட்டினா போச்சு." பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து, தாளுக்கு ஒரு துண்டு இடையில் வைத்தார். அதன்மேல் பலகை. பலகைமேல் கரி போடாத இஸ்திரிப் பெட்டி. துணி ஈரமானதும் மாற்ற வேண்டும், வெயிலில் வைக்கவே கூடாது என்றார். இரண்டு நாள் அவர் மேசையில் வேறு வேலையே நடக்கவில்லை. காசு கொடுத்தால் முறைத்தார்.

"எந்தக் கட்சி சார் இது? இப்ப இருக்குதா?"

இந்தியா, இலங்கை, பர்மா போல்ஷ்விக்-லெனினிஸ்ட் கட்சி என்று முழுப்பெயரையும் சொன்னேன், டிராட்ஸ்கி வழி வந்த இடதுசாரிக் கட்சி. 1942இல் தொடங்கியது, 1948இல் சோஷலிஸ்ட் கட்சியோடு கலந்துவிட்டது.

"ஆறு வருசந்தானா? என் வண்டிக்கே இருபது வருசம் ஆகுது."

சிரித்துவிட்டேன். அப்புறம் கதை கேட்டார். 1942 ஏப்ரலில் இலங்கையின் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து இடதுசாரித் தலைவர்கள் பிலிப் குணவர்த்தனாவும் என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தப்பியதை, காவலுக்கு இருந்தவரே கூடப் போனதைச் சொன்னதும் துணி மாற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு கள்ளத்தனமாகக் கடல் தாண்டி இங்கே வந்ததைச் சொன்னேன். 'வெள்ளையனே வெளியேறு' என்ற 1942 ஆகஸ்ட் போராட்டத்தைக் கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்தபோது இந்தக் கட்சி ஆதரித்ததில் அவருக்கு ஆர்வமில்லை. பெரம்பூர் பி அண்டு சி மில் என்றதும் நிமிர்ந்தார். "அந்த மில் சங்கைக் கேட்டுத்தான் எங்கப்பா கடிகாரம் வைப்பாரு." அந்த மில் தொழிலாளர்களின் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு 1946இல் தலைவரானவர் இந்தக் கட்சிக்காரரான அந்தோணிப்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர், 1947இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது என்று நான் சொல்லச் சொல்ல, "சிலோன்காரரா!" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரு கேள்வி. "கட்சி கலைஞ்சப்புறம் இந்தப் பேப்பரையெல்லாம் யார் சார் வச்சிருந்தாங்க?"

1948இல் கட்சியைக் கலைத்துச் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்த முடிவு சரியா தவறா என்று பத்து வருடமாக உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். இதை யாரும் கேட்டதில்லை, நானும் எழுதவில்லை. ஒரு தோழரின் மனைவி, தகரப்பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். கணவர் இறந்த பின்னும் பெட்டி அங்கேயேதான் இருந்தது. என் கைப்பிரதியில் அவர் ஒரு அடிக்குறிப்பில்கூட இல்லை. இப்போது முதல் அத்தியாயமே அவரிலிருந்துதான் தொடங்கும்.

மாடியில் இடம் கொடுத்தவர்கள், மின்விசிறி இரவல் தந்தவர்கள், சோறு கொண்டுவந்தவர்கள், ராத்திரி முழுக்கத் தாள்களைப் படம் பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், "இனியாவது தரையில் வைக்காதே" என்று திட்டிய மதுரைத் தோழர், எல்லோருக்கும் நன்றி. திட்டு நியாயமானது. இனி ஒரே பெட்டி, ஒரே பிரதி கிடையாது. மூலங்கள் நூலகத்துக்குப் போகும்.

அச்சடித்த வரிகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. பேனா மையில் நான் எழுதியவைதான் நீலமாகக் கரைந்துபோயின. சரி, அவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

ஒரு துண்டறிக்கை மட்டும் இன்னும் இஸ்திரிக்கார அண்ணனின் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. ஓரம் சுருண்டிருக்கிறதாம், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.