சிஎன்ஏ (நர்ஸுக்கு உதவியா பேஷண்டை பாத்துக்கிற நர்ஸிங் அசிஸ்டண்ட்) வேலை பிடிக்கலன்னு அழுத என் மகளுக்கு

மக்ளே,

ஞாயித்துக்கிழமை நீ போனை வச்சதுக்கு அப்புறம் எனக்கு தூக்கமே வரல. ஷிப்ட் முடிஞ்சு அந்த பனியில பார்க்கிங்ல காருக்குள்ள உக்காந்துகிட்டு யூனிபார்மை கூட மாத்தாம நீ அழுதது இன்னும் காதுலயே நிக்குது. நான் "சரி அழாத, எதையாவது சாப்பிட்டுட்டு படு"ன்னு மட்டும் சொன்னேன், அது பதிலே இல்லன்னு எனக்கும் தெரியும். அதான் இப்போ டைப் பண்றேன், நீளமா தான் வரும், லீவு நாள்ல உக்காந்து வாசி.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அம்மா, எனக்கு இந்த சிஎன்ஏ வேலை பிடிக்கவே இல்ல, அப்போ நான் நர்ஸாவும் உருப்பட மாட்டேன் தானே?" போதாததுக்கு கூட வேலை பாக்குற ஒருத்தங்க, இந்த வேலையை சந்தோஷமா செய்ய முடியாதவ நர்ஸிங் பக்கமே வரக்கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்கன்னு சொன்னே.

அது தப்பு மக்ளே. 25 வருஷமா இந்த வேலையில இருக்கேன், முதல்ல நாகர்கோவில் பக்கம், அப்புறம் சென்னை, 2006ல இருந்து இங்க ஹூஸ்டன்ல. சிஎன்ஏவா இருந்தப்போ தினம் அழுதுட்டு அப்புறம் அருமையான ஐசியூ நர்ஸா வந்தவங்களை பாத்திருக்கேன், சிஎன்ஏ வேலையில தங்கம்னு எல்லாரும் சொன்ன ஒரு பொண்ணு நர்ஸ் ஆனதும் டாக்டருக்கு போன் போடவே பயந்து, எந்த பேஷண்டை முதல்ல பாக்கணும்னு முடிவு எடுக்க முடியாம தவிச்சதையும் பாத்திருக்கேன். ரெண்டும் ஒரே கட்டடத்துக்குள்ள நடக்குற வேலைன்னாலும் ரெண்டுக்கும் வேற வேற தெம்பு வேணும்.

உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். 1996ல நான் ஜிஎன்எம் நர்ஸிங் படிப்புல சேந்தப்போ முதல் வருஷம் முழுக்க ஸ்பாஞ்ச் பாத், பெட் மேக்கிங், பெட்பேன் இது தான். வார்டுல கிளவுஸ் எண்ணி தான் தருவாங்க. முதல் வாரத்துலயே ஒரு பாட்டிக்கு படுக்கைப்புண் டிரெஸ்ஸிங் பண்ண சிஸ்டர் கூட நின்னேன், கட்டை பிரிச்சதும் வந்த வாடையில நேரா பெட்பேன் கழுவுற ஸ்லூயிஸ் ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், அப்புறம் ரெண்டு நாள் சோறு இறங்கல. உங்க ஆச்சிகிட்ட போன்ல "என்னை வந்து கூட்டிட்டு போங்க"ன்னு கதறினேன். ஆச்சி வரல, பீஸ் கட்டியாச்சுன்னு சொல்லிட்டாங்க. நாலஞ்சு மாசத்துல மூக்கு பழகிடுச்சு. வாடை, வாந்தி, மலம் இதெல்லாம் பழகாதவங்கன்னு நான் ரொம்ப கொஞ்ச பேரை தான் பாத்திருக்கேன். அதனால குமட்டுதுங்கிற ஒரே காரணத்துக்காக நீ உன்னை எடை போடாத.

உனக்கு எது பிடிக்கலங்கிறதை தான் பிரிச்சு பாக்கணும். நீ சொன்னதை எல்லாம் நான் மனசுக்குள்ள திரும்ப ஓட்டி பாத்தேன். அன்னைக்கு வேலைக்கு ஒரு ஆள் வரல, உனக்கு 14 பேஷண்ட். 8 மணி நேரம்னா 480 நிமிஷம், ஒருத்தருக்கு 34 நிமிஷம் தான் வருது. அதுக்குள்ள குளிப்பாட்டணும், டிரெஸ் மாத்தணும், டாய்லெட் கூட்டிட்டு போகணும், ஊட்டி விடணும், நகர முடியாதவங்களை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி படுக்க வைக்கணும், நடுவுல பேஷண்ட் நம்மள கூப்பிடற கால் லைட் எரிஞ்சுகிட்டே இருக்கும், ஆளை தூக்குற மெஷின் ஹோயர் லிப்ட்ல தூக்கணும்னா ரெண்டு பேர் வேணும், கூட நிக்க ஆள் கிடையாது. இதை எவ பிடிச்சு செய்வா? இங்க அமெரிக்க மத்திய அரசு சட்டப்படி நர்ஸிங் ஹோம்ல, அதாவது வயசானவங்களை பாத்துக்கிற இல்லத்துல, சிஎன்ஏ ஆகணும்னா குறைஞ்சது 75 மணி நேர டிரெயினிங் போதும், சில மாநிலத்துல அதை விட அதிகமா கேக்கிறாங்க, கலிபோர்னியால 160, அவ்ளோ தான் சொல்லிக் குடுத்துட்டு 14 உயிரை கையில குடுத்தா நல்ல மனசு உள்ளவளுக்கு தான் முதல்ல அழுகை வரும். ஒருத்தரை ஈரத்தோட விட்டுட்டு அடுத்த ரூமுக்கு ஓட வேண்டியதா இருக்குன்னு தானே நீ அழுதே? அது உனக்கு அந்த வேலை பிடிக்காததால வந்த அழுகை இல்ல மக்ளே, அந்த வேலையை ஒழுங்கா செய்ய விடாததால வந்தது.

இன்னொண்ணும் சொன்னே, "நான் சொல்றதை யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க"ன்னு. இதுக்கு நான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும் போல இருக்கு, ஏன்னா அப்படி காதுல வாங்காத நர்ஸா நானும் ஒரு நாள் இருந்திருக்கேன். இங்க வந்த முதல் வருஷம், மெடிக்கல் ப்ளோர், எனக்கு 6 பேஷண்ட். ஒரு சிஎன்ஏ, என்னை விட 20 வயசு பெரியவங்க, வந்து "7ஆம் ரூம் அம்மா இன்னைக்கு அவங்க மாதிரியே இல்ல, காலையில என் பேரை சொல்லி கூப்பிடல"ன்னாங்க. நான் கம்ப்யூட்டர்ல வைட்டல்ஸ் பாத்தேன், பிபி பரவால்ல, காய்ச்சல் இல்ல, "சரி பாக்கறேன்"னுட்டு மாத்திரை குடுக்க போயிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு பிபி 78ல நிக்குது, ஆள் கண்ணே திறக்கல, ரேபிட் ரெஸ்பான்ஸ்னு அவசர டீமை கூப்பிட்டு ஐசியூ கொண்டு போனோம். யூரின் இன்பெக்ஷன், அது ரத்தத்துல கலந்து செப்சிஸ். வயசானவங்களுக்கு காய்ச்சலே வராம முதல்ல குழப்பம் தான் வரும்னு புக்ல படிச்சு பரீட்சை எழுதி பாஸ் ஆனவ நான், ஆனா அதை கண்ணால பாத்து சொன்னது அந்த சிஎன்ஏ. அந்த அம்மா பொழைச்சு வீட்டுக்கு போயிட்டாங்க. அன்னைல இருந்து ஒரு சிஎன்ஏ வந்து "என்னமோ சரியில்ல"ன்னு சொன்னா நான் கையில எது இருந்தாலும் வச்சுட்டு அந்த ரூமுக்கு நடந்து போயிடுவேன்.

இப்போ நீ அந்த இடத்துல நிக்கிற. பாத்ததை சொல்லியும் யாரும் கேக்காத கோவம் உனக்கு இருக்குன்னா, முடிவு எடுக்கிற இடத்துக்கு போகணும்னு உனக்குள்ள ஒண்ணு துடிக்குதுன்னு தான் நான் எடுத்துக்கிறேன். சிஎன்ஏ பாக்கலாம், சொல்லலாம், ஆனா அசஸ்மெண்ட் பண்றது, அதாவது பேஷண்ட் நிலைமை என்னன்னு கணிக்கிறது, என்ன செய்யணும்னு தீர்மானிக்கிறது நர்ஸோட வேலை, அதை சிஎன்ஏகிட்ட ஒப்படைக்கவே கூடாதுன்னு தான் நர்ஸிங் ஸ்கூல்லயும் சொல்லித் தராங்க. நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதற என்கிளெக்ஸ் பரீட்சையில 85ல இருந்து 150 கேள்வி வரைக்கும் வரும்ல, அதுல "இந்த 4 பேர்ல முதல்ல யாரை போய் பாப்பீங்க"ங்கிற மாதிரி கேள்வி வரும்போது உனக்கு அந்த 14 பேரோட முகம் கண்ணு முன்னாடி வரும் பாரு.

ஆனா உன்னை ஏமாத்தவும் நான் தயாரில்ல. நர்ஸ் ஆயிட்டா இதெல்லாம் தொட வேண்டாம்னு நினைச்சு நீ தாங்கிட்டு இருந்தா அந்த கணக்கு தப்பு. ஐசியூல பல இடத்துல சிஎன்ஏவே இருக்க மாட்டாங்க, நடுராத்திரி 3 மணிக்கு நானே தான் துடைச்சு விடறேன், இந்த 49 வயசுலயும். துடைக்கும்போது தான் முதுகுக்கு கீழ தோல் சிவந்திருக்கான்னு தெரியும், நம்மள மாதிரி கருப்பு தோல்னா சிவப்பு தெரியாது, தொட்டுப் பாத்து சூடு, கெட்டியா இருக்குறதை வச்சு தான் கண்டுபிடிக்கணும். மலம் தார் மாதிரி கறுப்பா போனா உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகம் வரும். இதை எல்லாம் அடுத்தவங்க கையில விட்டுட்டு நல்ல நர்ஸா இருக்க முடியாது. பிடிக்கணும்னு அவசியமில்ல, ஆனா செய்யும்போது கண்ணை திறந்து வச்சு செய்யணும்.

ஒரே ஒரு விஷயம் தான் என்னை பயமுறுத்தியிருக்கும். அந்த மனுஷங்களையே உனக்கு பிடிக்கலன்னா. அவங்க பேசினா எரிச்சலா வருது, அவங்களை ரூம் நம்பரா மட்டும் தான் பாக்க முடியுது, லீவு எடுத்து ரெஸ்ட் எடுத்த பிறகும் அது மாறலன்னா, அப்போ நானே "வேணாம் மக்ளே, வேற படிப்பு பாத்துக்கலாம்"னு சொல்லுவேன், அதுல ஒரு அவமானமும் இல்ல. சுத்தமா களைச்சுப் போனவளுக்கும் கொஞ்ச நாள் அப்படி தோணும், அதனால தான் ரெஸ்ட் எடுத்த பிறகுன்னு சொல்றேன். முடிஞ்சா அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில பிசிடி (பேஷண்ட் கேர் டெக்னீஷியன்) வேலைக்கு அப்ளை பண்ணி பாரு, வேற இடம், வேற பேஷண்ட், ஈகேஜி (நம்ம ஊர்ல இசிஜி) எடுக்கிறது மாதிரி சில வேலை கத்துக்கலாம், பிடிக்காதது இந்த வேலையா இல்ல அந்த இடமான்னு ஓரளவு புரிஞ்சிடும்.

ஆனா உனக்கு அவங்களை பிடிக்கலன்னு நான் நம்பல. ஏன்னா நீ அழுதுகிட்டே 40 நிமிஷம் பேசினதுல 10 நிமிஷம் அந்த ஸ்ட்ரோக் வந்த பாட்டியை பத்தி தான் பேசினே. தினமும் தட்டுல பாதி அப்படியே மீதி, எல்லாரும் 50 சதவீதம் சாப்பிட்டாங்கன்னு சார்ட்ல போட்டுட்டு போயிட்டாங்க, நீ மட்டும் மீதி எப்பவும் இடது பக்கம் தான் இருக்குன்னு கவனிச்சு, தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வச்சே, அவங்க "அட, இன்னும் இருக்கா"ன்னு சொல்லி முழுசும் சாப்பிட்டாங்கன்னே. மூளையோட வலது பக்கம் அடிபட்டா சில பேருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாம போயிடும், கண்ணு நல்லா இருந்தாலும் மனசு அந்த பக்கம் போகாது, அதுக்கு நெக்லெக்ட்னு பேரு. நீ அந்த பாடத்துக்கு இன்னும் வரல, பேர் கூட தெரியாது, ஆனா கண்டுபிடிச்சிட்டே.

இதை நர்ஸ்கிட்ட சொன்னியா? சார்ட்ல வர்ற மாதிரி பண்ணியா? போன்ல கேக்க மறந்துட்டேன். சொல்லலன்னா நாளைக்கு ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் குடுக்கற நேரத்துலயே சொல்லு, கேக்கலன்னா திரும்ப சொல்லு, ஷிப்ட்டுக்கு பொறுப்பா இருக்கிற சார்ஜ் நர்ஸ் வரைக்கும் போ. நீ லீவு போடற நாள்ல அந்த பாட்டிக்கு பாதி சாப்பாடு தான் உள்ள போகுது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப். எப்போ வேணும்னாலும் கூப்பிடு.

அம்மா