பேஸைக் கொஞ்சம் குறைத்துப் பார், கண்ணு

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது, டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் என் பேஸ் கிட்டார் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, வெறும் உறுமல்தான் கேட்கிறது என்றாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் குறை இல்லை. போன வருஷம் டெட்ராய்ட்டில் உன்னோடு இருந்த மூன்று மாதமும் ஆம்பெக் கம்பெனியின் அந்த எஸ்.வி.டி. மாடலை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டேன். நாற்பது வருஷம் மைக் செட்டும் வால்வு ரேடியோவும் பழுது பார்த்த கை இது, இருந்தாலும் அவ்வளவு பெரிய வால்வு ஆம்ப்ளிஃபயரை நான் அதற்கு முன் திறந்ததில்லை. பதினான்கு கண்ணாடிக் குழாய் வால்வு, 300 வாட். 1969-இல் இந்த மாடல் வந்தது, அந்த வருஷமே ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதைக் கொண்டுபோனது. பெரிய அரங்கில் பேஸ் கிட்டார் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்த பெட்டி. அது நாலு பேர் வாசிக்கிற இடத்தில் கேட்கவில்லை என்றால், நாம் அதை வைத்திருக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோதே கவனித்தேன், அப்போது சொல்லவில்லை, உன் ரசனையில் கை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கீழ் ஒலிக்கான பேஸ் நாப்பை முக்கால்வாசிக்கு மேல் திருகி வைத்திருந்தாய், நடு ஒலிக்கான மிட் நாப் பாதிக்கும் கீழே கிடந்தது. போதாததற்கு அல்ட்ரா லோ ஸ்விட்சும் போட்டிருந்தது. பெயரைப் பார்த்தால் கீழ் ஒலியைக் கூட்டுகிற ஸ்விட்ச் மாதிரி இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் செய்கிற வேலை நடு ஒலியை வெட்டுவது. தனியாக வாசிக்கும்போது அறை முழுக்க நிரம்பி சுகமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். குழுவோடு சேர்ந்தால் அதே ஒலிதான் உன்னை முழுங்கிவிடுகிறது.

ஏனென்றால், உன் தடித்த ஈ கம்பியின் சுருதி 41 ஹெர்ட்ஸ். அந்த 41-ஐ நம் காது அவ்வளவாகக் கேட்பதில்லை. அதோடு சேர்ந்தே மேலே எழுகிற 82, 123, அதற்கும் மேலே இருக்கிற கிளை ஒலிகளை வைத்துத்தான் என்ன ஸ்வரம் என்று காது கண்டுபிடிக்கிறது. டிரம்மரின் பெரிய டிரம்மும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது. நடுவை வெட்டிவிட்டு அடியை மட்டும் கூட்டினால் நீ அவரோடு ஒரே இடத்துக்குச் சண்டை போடுகிறாய், இரண்டு பேருமே தெளிவாகக் கேட்க மாட்டீர்கள். மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது இடது முகத்தில், ரவை அப்புவதைச் சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய் அல்லவா? அளவாக அப்பினால் கார்வை வரும், ஒரு விரல் அதிகமானாலும் தொப்பென்று அமுங்கிவிடும். அதே கதைதான் இங்கேயும்.

சரி, செய்ய வேண்டியது இது. அல்ட்ரா லோவை எடுத்துவிடு. எல்லா நாப்பையும் நடுவில் வை. அங்கிருந்து பேஸை ஒரு கோடு குறை, மிட்டை ஒரு கோடு கூட்டு. உன் பெட்டியில் மிட் ஸ்விட்சுக்கு மூன்று நிலை உண்டு, 220, 800, 3000 ஹெர்ட்ஸ். குழுவோடு வாசிக்கும்போது 800-இல் வைத்துப் பார், விரல் கம்பியை விட்டு விலகுகிற அந்த இடம் காதில் விழும். நீ டெட்ராய்ட் மோட்டவுன் கம்பெனியின் பழைய பாட்டுகளை வாசிக்கிறாயே, அப்போது 220, சதைப்பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. 3000 எனக்குப் பிடிக்கவில்லை, நகம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. அது உன் விருப்பம்.

அப்புறம் வால்யூம். டிரான்சிஸ்டர் பெட்டி ஒரு எல்லை வரை சுத்தமாகப் போய், அதைத் தாண்டியதும் கத்தரித்த மாதிரி ஒலியை நறுக்கிவிடும். வால்வு அப்படி இல்லை, எல்லை நெருங்க நெருங்க மெல்ல வளைந்து கொடுக்கும், அப்படி வளையும்போது தன் பங்குக்குக் கிளை ஒலிகளைச் சேர்க்கும். நீ தேடுகிற ஒலி அந்த வளைவில்தான் இருக்கிறது. மெதுவாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் லேசான கரகரப்போடும் வருகிற ஓர் இடம் வால்யூம் நாப்பில் இருக்கும், அதைக் கண்டுபிடித்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள். பிறகு சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உன் விரல் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் விடியற்காலை நாதஸ்வரம் புனல் ஸ்பீக்கர் வழியாக வரும், வால்வு நன்றாகச் சூடேறிய பிறகு அந்த ஒலி குழைந்துவிடும். பன்னிரண்டு வயசில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

ஆனால் 300 வாட்டை உன் வீட்டு நிலவறையில் அந்த இடம் வரை கொண்டுபோக முடியாது, அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்கென்று ஒன்று வாங்கும் காலம் வந்தால் அதே கம்பெனியின் பி-15-ஐத் தேடு. 1960-இல் வந்தது, முதலில் 25 வாட்தான், ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். கம்பெனியைத் தொடங்கிய எவரெட் ஹல் தானே பேஸ் வாசித்தவர், ஒலி சிதறுவதே அவருக்குப் பிடிக்காது. இருந்தும் அந்தச் சின்னப் பெட்டியைக் கொஞ்சம் விரட்டினால் வருகிற உருண்டையான ஒலிக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நாம் டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் பார்த்த அந்த மோட்டவுன் ஸ்டுடியோ வீட்டில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடமும் பி-15 இருந்தது. அங்கே பதிவு செய்யும்போது பெரும்பாலும் பேஸை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராக மிக்சரில்தான் செருகினார்கள் என்பதையும் மறக்காதே. ஜேமர்சனுக்கு ஒற்றை விரல், மாற்றாத பழைய கம்பி, அந்த ஒலியில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. நீ மாதத்துக்கு ஒரு தடவை கம்பி மாற்றுவதை நிறுத்து.

இனி எனக்குப் பயமான விஷயம். அந்த ராத்திரி நினைவிருக்கிறதா? நீ விளக்கை அணைத்தாய், பின்பக்கம், பதினான்கில் சத்தத்துக்கு வலுக் கொடுக்கிற ஆறு 6550 வால்வும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. ஐந்தில் அந்த மெல்லிய வெளிச்சம் மட்டும்தான். ஆறாவதில் உள்ளே இருக்கிற பிளேட் என்கிற சாம்பல் நிறத் தகடே செங்கல் மாதிரிச் சிவந்திருந்தது, விலா எலும்பு மாதிரி அதன் மடிப்புகள் தெரிந்தன. ஒரு நொடியில் ஸ்டாண்ட்பையில், அதாவது வால்வு சூடாக மட்டும் இருக்கிற நிலையில், போட்டேன். நீ பணம் கொடுத்து சர்வீஸ் செய்த கடையில் ஐந்தை ஒரு ஜாதியிலும் ஒன்றை வேறு ஜாதியிலும் போட்டு, பயாஸும், அதாவது வால்வு சும்மா இருக்கும்போது அதில் ஓடுகிற மின்சார அளவும், பார்க்காமல் அனுப்பியிருந்தார்கள். இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்த செட்டாக இருக்க வேண்டும், மாற்றினால் ஆறையும் மாற்று, பயாஸை அங்கேயே உன் கண் முன்னால் பார்க்கச் சொல். மாதம் ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டு ஆறையும் பார்.

உள்ளே மட்டும் கை வைக்காதே. பிளேட்டில் 700 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் அதைப் பிடித்துவைத்திருக்கும். நானே ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன், நீ சிரித்தாய். ஷாக் நெஞ்சு வழியாகக் குறுக்கே போகக் கூடாது என்பதற்காக என் குரு சொல்லிக் கொடுத்தது அது.

ஸ்பீக்கர் பெட்டியை இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதே, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உன் ஸ்பீக்கர் பெட்டியில் எட்டு 32 ஓம் ஸ்பீக்கர், இணையாகச் சேர்த்தால் 4 ஓம், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருக்கிற ஸ்விட்சும் 4-இல் இருக்க வேண்டும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதே, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லிசு. முதலில் பவர், ஒரு நிமிஷம் கழித்து ஸ்டாண்ட்பை. பின்பக்க விசிறிக்குக் காற்று வேண்டும், சுவரோடு ஒட்டி வைக்காதே. மூலையிலும் வேண்டாம், மூலை தானாகவே கீழ் ஒலியைக் கூட்டிவிடும்.

ஒத்திகையில் போனைப் பத்தடி தள்ளி நாற்காலியில் வைத்துப் பதிவு செய். முதலில் உன் பழைய செட்டிங், அப்புறம் நான் சொன்னது, இரண்டுக்கும் அதே பாட்டு, டிரம்ஸோடு. இரண்டையும் அனுப்பு. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அம்மாவும் கேட்க வேண்டும் என்கிறாள். பெட்டியைத் தனியாகத் தூக்காதே, ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பெட்டி மட்டுமே 38 கிலோ இருக்கும், யாரையாவது கூப்பிடு.

அன்புடன்,
அப்பா
திருச்சி