நுவரெலியாவுக்கு முன் இரணைமடு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் லீவு வருகிறதென்றால் வன்னியில் ஹயஸ் வான்களுக்குக் கிராக்கி. இரவோடிரவாகப் புறப்பட்டு, மூன்று நாளில் நுவரெலியா, கதிர்காமம், கொழும்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். பெரியவர்களுக்கு நேர்த்தியும் தீரும், நாலு சொந்தக்காரரோடு கதைத்ததாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கோ பாதி வழி நித்திரை, மீதி வழி சத்தி (வாந்தி). பயணத்தில் விருப்பம் ஊன்றுவதும் வெறுப்பு ஊன்றுவதும் ஒரே வயதில்தான். ஆறேழு வயதில் முதலில் வேண்டியது, விடிந்தபின் புறப்பட்டுப் பொழுதுபடமுன் வீடு சேரும் ஒருநாள் பயணம். அதற்கு வன்னியே போதும். (மூன்று வயதுக்கு முந்தியவை பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. அந்த வயதில் கொண்டு திரிவது தாய் தகப்பனின் ஆசைக்காக, அதிலும் பிழையில்லை.)

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போகலாம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று நிலையங்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். வந்த நேரத்தைப் பிள்ளை குறிக்கட்டும். எல்லா ரயிலும் எல்லா இடத்திலும் நிற்காது. நிற்காத நிலையத்தின் பெயர்ப்பலகையை ஓட்டத்தில் வாசித்துப் பிடிப்பதில்தான் பிள்ளைக்குக் கொண்டாட்டம். ஏ-9 வீதியால் போவோருக்குக் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன; அந்த இலக்கங்கள் கண்டியிலிருந்து எண்ணப்படுபவை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 செக்கன் என்றால் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம், 90 செக்கன் என்றால் 40. 3600ஐச் செக்கனால் வகுக்கக் காட்டிக் கொடுத்தால் மாங்குளம் வருமுன் சாரதியின் வேகத்துக்குப் பிள்ளை கணக்குச் சொல்லும். முறிகண்டியில் தேங்காய் உடைத்தபின், கச்சான் வாங்கக் காசை அதன் கையிலேயே கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்க விடுங்கள்.

சத்திக்குக் காரணம், கண் அசையாத சீற்றைப் பார்க்க, காதின் உட்பகுதி ஆட்டத்தை உணர்வது. பின்சில்லுக்கு மேலுள்ள கடைசிச் சீற்றில் ஆட்டம் அதிகம். நாங்கள் பிள்ளைகளை அடைத்து இருத்துவதோ அங்கேதான். நடுச்சீற்றில் ஜன்னலோரம் இருத்தி, போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்துப் பனையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வெறும் வயிறு கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. புறப்பட ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இரண்டு மூன்று இடியப்பம் போதும். சத்திக் குளிசையை வைத்தியரிடம் கேட்டுப் புறப்படுமுன்னரே கொடுக்க வேண்டும். சத்தி தொடங்கியபின் கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

பச்சைத் தேங்காய்ச் சம்பலும் பாற்கறியும் ஆகஸ்ட் வெயிலில் மத்தியானத்துக்குள் பழுதாகும். வறுத்து இடித்த சம்பலும் புளிச்சோறும் தாங்கும். வாழையிலையை வாட்டாமல் கட்டினால் மடிப்பில் கிழியும். சோற்றைச் சூட்டோடு கட்டினால் வியர்த்துப் புளிக்கும். இடத்துக்கிடம் கிணறுகள் உப்புச் சவர் என்பதால் பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வீட்டிலிருந்தே போக வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுக் குளத்தை, குளக்கட்டில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகும் இடமாக்காதீர்கள். சேமமடுப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறு வடக்கே ஓடி அங்கே தேங்குகிறது. துருசால் (குளத்து மதகால்) வாய்க்காலுக்கும் வாய்க்காலால் வயலுக்கும் போகிறது. மிஞ்சியது சுண்டிக்குளம் கடல்நீரேரியைச் சேர்கிறது. தண்ணீர் போகும் வழியே பிள்ளையையும் கொண்டு போங்கள்: குளக்கட்டு, துருசு, வாய்க்கால், முற்றி நிற்கும் சிறுபோக நெல், கடைசியில் ஆனையிறவு உப்பளம். குடிக்கிற தண்ணீரும் சோற்று உப்பும் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். துருசடியில் மட்டும் குளிக்க விடக்கூடாது. மேலே அசையாமல் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும். வற்றிய குளத்தின் நடுச்சேறும் ஆளைப் புதைக்கும். மார்கழி லீவில் குளம் நிரம்பி வான்பாயும் காலம் என்பதால் வான்கதவுப் பக்கம் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

முல்லைத்தீவுக் கடல் மார்கழியில் குளிக்க ஆகாது, ஆகஸ்டில் அடங்கியிருக்கும். ஆனால் அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். காற்றடித்த ரியூப்பையும் பந்தையும் அது இழுத்துக்கொண்டு போக, பிடிக்கப் பின்னால் நீந்துபவர் திரும்பி வரக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ரியூப்பை வீட்டில் விட்டுவிடுங்கள். போகும் வழியில் சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் பற்றைக்குள் சலம் கழிக்கக்கூட இறங்க வேண்டாம். நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக்கூடாதென்பதைப் புறப்படுமுன்னரே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

சொந்த வாகனம் இல்லாத குடும்பங்களைத் தடுப்பது பெரும்பாலும் காசு அல்ல, திரும்பிவரும் பஸ். ஒட்டுசுட்டான், மல்லாவி போன்ற உள்வீதிகளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று அந்த ஊராரைத் தவிர வேறெவருக்கும் தெரிவதில்லை. லீவு தொடங்கும் வாரத்தில் மாங்குளம், பரந்தன், வவுனியாவுக்குத் திரும்பும் கடைசி பஸ் நேரங்களையும் ரயில் நேரங்களையும் தங்கள் பத்திரிகையில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பலர் வெட்டி எடுத்து வைப்பார்கள்.

வாசகர்,
மாங்குளம்