நீல விளக்கு மாட்டப்போகும் குள்ளனுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குள்ளா,

உன் கடிதமும் விளக்கின் படமும் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை. கடையிலோ சித்திரை வெயிலுக்கு கார் ஏசி வேலை குவிந்து கிடக்கிறது. இன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீ ஒன்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. ரிட்டயர்டு ஆன கையோடு நீ அமெரிக்காவில் தீயணைப்புத் தொண்டராகச் சேர்ந்திருக்கிறாய், சொந்தக் காரில் நீல விளக்கு மாட்டப்போகிறாய், அதற்கு ஒயரிங் எப்படி என்று கடல் தாண்டி என்னைக் கேட்கிறாய். "அந்த ஊர்ல எலெக்ட்ரீஷியனே இல்லியாமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். இருப்பான், கூலியைக் கேட்டால் நம் ஆளுக்கு மயக்கம் வந்திருக்கும் என்றேன்.

ஒன்று சொல்கிறேன் கேள். இந்த மாதிரி விளக்குகளை நான் மாட்டியதைவிடக் கழற்றியதுதான் அதிகம். 2017 மே 1 முதல் இங்கே மந்திரி, அதிகாரி யார் காரிலும் சிவப்பு விளக்கு கூடாது என்று வந்ததே, அந்த வாரம் மட்டும் நாலு வண்டிக்குக் கழற்றினேன். அதில் ஒருவர், நான் கழற்றி முடித்த பிறகும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரை முழுக்க வெயிலில் வெளுத்துப்போயிருக்க, விளக்கு இருந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் புதுப் பெயிண்டாக மின்னியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஒயர் இறங்கிய ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன், விளக்கை எடுத்துப்போக மறந்துவிட்டார். மறந்தாரோ, மனசு வரவில்லையோ. இன்னும் என் பரணில்தான் கிடக்கிறது.

இப்போது இங்கே தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் என்று அவசர வேலைக்கான வண்டிகளுக்குத்தான் அந்த உரிமை. சொந்தக் காரில் ஓடிப்போய்த் தீயணைக்கும் தொண்டன் என்ற ஆளே நம் ஊரில் கிடையாது. அதனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவனுக்கு அழைப்பு வரும், அவன் எழுந்து சொந்தக் காரில் ஸ்டேஷனுக்கு ஓடி அங்கிருந்து வண்டியை எடுப்பான், அங்கே தீயணைப்பு ஆட்களில் பெரும்பகுதி இப்படிச் சம்பளமில்லாத தொண்டர்கள்தான், 1736-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு குழு சேர்த்த காலத்துப் பழக்கம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சரி, புரிந்தது. உங்கள் நியூயார்க் மாநிலத்தில் தீயணைப்புத் தொண்டருக்கு நீலம், ஆம்புலன்ஸ் தொண்டருக்குப் பச்சை என்பதும் புரிந்தது. உங்கள் தீயணைப்புப் படையின் சீஃப் எழுத்தில் அனுமதி தரவேண்டும், விளக்கு எரிந்தாலும் நீ சிக்னலில் நிற்கணும், வேகத்தை மீறக்கூடாது, மற்றவர்கள் மரியாதைக்கு ஒதுங்கினால் உண்டு என்றாயே, அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விளக்கு வழி கேட்கும், பிடுங்காது. சில மாநிலங்களில் நீலம் போலீஸுக்கு மட்டும்தான் என்கிறார்கள். எல்லை தாண்டிப் போகிற நாளில் கழற்றி டிக்கியில் போட்டுவிடு.

இனி வேலைக்கு வருகிறேன். நீ அனுப்பியது எல்.ஈ.டி., 24 வாட். 12-ஆல் வகுத்தால் 2 ஆம்ப். அந்தக் காலத்துச் சுழல் விளக்கென்றால் உள்ளே 55 வாட் ஹாலஜன் பல்பு, அதுவே நாலரை ஆம்ப் இழுக்கும், சுழற்றுகிற மோட்டார் வேறு. உன்னுடையது கொசு. அதற்காக லைட்டர் சாக்கெட்டில் சொருகி ஓட்டலாம் என்று நினைக்காதே. குழியில் ஒரு குலுங்கு குலுங்கினால் பிளக் நழுவும், விளக்கு செத்துவிடும், நீ எரிகிறது என்று நினைத்துப் போய்க்கொண்டிருப்பாய். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழு. 1.5 ஸ்கொயர் எம்.எம். கனம் போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்ப் ஃபியூஸ் வை. விளக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டு, "அதான் வெச்சிருக்கேனே" என்பவர்கள் நிறையப் பேர். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல. இடையில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால், பேட்டரியிலிருந்து அந்த இடம் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பிதான். தீயணைக்கப் போகிறவன் கார் தீப்பிடித்தது என்று பேப்பரில் வரும்.

இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒயரை நுழைக்கும்போது ஓட்டையின் விளிம்பில் ரப்பர் குரோமெட், அதாவது ரப்பர் வளையம், போடாமல் விடாதே. அந்தத் தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. எர்த் எடுக்கிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளி நிறம் தெரிந்த பிறகு ஒயர் முனையில் இருக்கிற லக்கை முடுக்கு, மேலே கிரீஸ் பூசு. உங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்களாமே. காசிமேட்டு உப்புக்காற்றிலேயே இங்கே எர்த் பச்சை பூத்துப்போகிறது, உப்பையே கொட்டினால் கேட்கவா வேண்டும். கூரை ஓரத்திலும் பக்கத் தூணிலும் ஏர்பேக் இருக்கும், அதன் மேலே ஒயரை ஓட்டாதே. கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டுவதாக இருந்தால் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றி ரப்பர் ஓரம் வைத்து மாட்டு. இல்லையென்றால் அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும், ராத்திரியில் எதிரே மனுஷன் நிற்பது தெரியாது. முக்கியமாக, ஸ்விட்சை கையால் தடவியே கண்டுபிடிக்கிற மாதிரி வை.

நீலம் நல்ல தேர்வுதான். ராத்திரி ரோட்டில் எல்லா வண்டிக்கும் பின்னால் சிவப்பு எரிகிறது, அதில் இன்னொரு சிவப்பு கலந்து காணாமல் போய்விடும். நீலம் தனியாகத் தெரியும்.

போன மாதம் நம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஆம்னி வேனோடு வந்தான். நல்ல பையன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிழங்களைத் தூக்கி இறக்கியவன். யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அவன் வண்டிதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடும். "நைனா, ரெண்டு பக்கமும் சிவப்பு, நீலம்னு பளிச் பளிச்னு எரியணும், சைரனும் வெச்சுக் குடு" என்றான், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் விளக்கும் சைரனுமாக. முடியாது என்றேன். வண்டியில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்தால் ஐயாயிரம் அபராதம், ஜெயில்கூட உண்டு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நல்லதுக்குத்தானே நைனா" என்று முனகினான். சரி, வண்டியைக் கொண்டா என்று சுற்றிப் பார்த்தால் பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை, இடது ஹெட்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்து, முன் சீட்டுக்கு அடியில் இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்றை கிளாம்ப் போட்டு மாட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அவன் போன பிறகு உன் நினைப்புதான். கொருக்குப்பேட்டைக் குடிசைகள் எரிந்தது ஞாபகம் இருக்கிறதா? நாம் ஒன்பதாவதோ பத்தாவதோ. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை 1914-இல் எம்டன் கப்பல் குண்டு போட்டுக் கொளுத்திய கதையை உன் தாத்தா சொல்லிச் சொல்லி, எங்கே புகை வந்தாலும் டேங்க் பிடித்துக்கொண்டது என்றுதான் நாம் அலறுவோம். அன்றைக்கு ஃபயர் இன்ஜின் மணியை அடித்துக்கொண்டு வந்தது, ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியாக, அவசரமே இல்லாமல். அந்தப் பக்கம் புகை ஏறுகிறது, இந்தப் பக்கம் ஃபயர் இன்ஜின் தலையில் விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உட்காரல் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ கேட்டுக்கு அடியில் குனிந்து எப்போது அந்தப் பக்கம் போனாய் என்றே தெரியவில்லை. நான் வந்து பார்க்கும்போது எரிகிற வரிசைக்கு அடுத்த குடிசையின் மேலே ஏறி ஓலையைப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாய், பெரிய ஆட்கள் ஏறினால் கூரை தாங்காது என்று உன்னை ஏற்றிவிட்டார்களாம். நெருப்புக்கு அடுத்த கவளம் கிடைக்காமல் செய்வது என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் வாங்கிய அடியையும் எழுதவா?

ஏப்ரல் 14 தீயணைப்பு நாள், நமக்கு வருஷப் பிறப்பு. 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது செத்துப்போன தீயணைப்பு ஆட்களின் நினைவாக. இந்த வாரம் மார்க்கெட் பக்கம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தீயணைப்பு வீரரிடம் உன் கதையைச் சொன்னேன். அவர் நம்பவே இல்லை. "சொந்தக் கார், சொந்த பெட்ரோலா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "எங்களுக்கு வழி விடலன்னா பத்தாயிரம் ஃபைன்னு 2019-ல வந்துச்சு சார். வழி விடறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டு நாலு பைக்கு வருது பாருங்க, அதுக்குத்தான் பயம்." எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் நானே பார்த்திருக்கிறேன். அங்கேயும் உன் நீல விளக்குக்குப் பின்னால் அப்படி ஒட்டுகிறவர்கள் உண்டா, அடுத்த கடிதத்தில் எழுது.

வீட்டில் எல்லோரும் சுகம். கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். பேரனோ பேத்தியோ இந்த மாதக் கடைசியில்.

ஒயரிங் முடித்ததும் பானெட்டை மூடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. விளக்கை எடுக்காதே, பேட்டரிப் பக்கத்தை எடு. அந்த ஃபியூஸ் ஒரு சாணுக்குள் இருக்கிறதா என்று நான் பார்க்கணும்.

உன்,
கரண்டு