வேலை வீடு தேடி வருமாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில் விமானி ஆவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், இதெல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான் வயிற்றெரிச்சல். உடனே வேலை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ஓரிரு வருடம் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருந்து பறந்த மணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டால் வேலை வீடு தேடி வரும் என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

அன்று காலையிலேயே எங்கள் மாமா போன் செய்துவிட்டார். "அம்மிணிக்கு வேலை வீடு தேடி வருமாமே, பேப்பர்ல போட்டிருக்கானே!" அம்மிணி என்பது என் தங்கை. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, வீட்டில் இருக்கிறாள். நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவளுடைய லோன் பேப்பரில் அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவன், ஈஎம்ஐ கட்டுகிறவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

இந்தப் பயிற்றுநர் யோசனை எந்த ஊர்ச் சரக்கு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து 50 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் சட்டத்தை மாற்றி, 2013 முதல் விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சுமார் 250 மணியில் லைசென்ஸ் வாங்குகிற பையன் மிச்சத்துக்கு எங்கே போவான்? பயிற்றுநர் ஆகிறான், விளம்பரப் பேனர் இழுக்கிறான், பாராசூட்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க் குதிக்க விடுகிறான். அங்கே அது சரியான வழி. நம் ஊரில் 200 மணியோடு ஏர்பஸ்ஸின் வலது சீட்டில், அதாவது துணை விமானி சீட்டில், உட்காரச் சட்டமே இடம் கொடுக்கிறது. இங்கே ஆளை நிறுத்தி வைப்பது டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி. ஒரு முழுப் பக்கக் கட்டுரையில் அந்த வார்த்தை ஓரிடத்தில்கூட இல்லை.

செஸ்னா என்கிற சின்னப் பயிற்சி விமானத்தில் பழகியவரை அப்படியே ஜெட்டில் ஏற்ற முடியாது. எந்த விமானத்தை ஓட்டப்போகிறாரோ அதற்கென்று தனியாகப் படித்து, சிமுலேட்டரில் பழகி, சோதனையில் தேற வேண்டும். கிட்டத்தட்ட பதினைந்து லட்ச ரூபாய் ஆகும், அது லைசென்ஸுக்குச் செலவழித்த ஐம்பது அறுபது லட்சத்துக்கு மேலே. பணம் இருந்தாலும் எதற்குக் கட்டுவது? ஏர்பஸ் ஏ320-க்குக் கட்டினால் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஆள் எடுக்க வேண்டும். போயிங் 737-க்குக் கட்டினால் ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் தொழிலில் சொன்னால் ஆர்டர் கன்ஃபர்ம் ஆகாமலே துணியை வெட்டிவிடுகிற கதை. ரேட்டிங் முடித்தும் வேலை வராமல் நாள் ஓடிவிட்டால் மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் அழ வேண்டும். ரேட்டிங் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எந்தக் கம்பெனியாவது சொல்லும் வரை காத்திருக்கலாம் என்றால், அந்த இடைவெளியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிக் காட்டும் சோதனை, மருத்துவச் சோதனை என்று வருடா வருடம் செலவுண்டு. 2023-இல் லைசென்ஸின் ஆயுளை ஐந்திலிருந்து பத்து வருடமாக ஆக்கினார்களே, அது அட்டையின் ஆயுள். கை பழக்கத்தில் இருக்கிறது என்று காட்ட நாம்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

விமான நிறுவனங்களே ஆரம்பத்திலிருந்து ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரு கோடியைத் தாண்டும், பெரும்பாலும் முதல் நாளிலேயே அதில் சேர்ந்திருக்க வேண்டும். பாதி வழியில் வந்தவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோது நீங்கள் போட்ட தலைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. விமானிகள் பற்றாக்குறை என்று பெரிய எழுத்தில். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, இரவுத் தரையிறக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, அதற்கு ஆள் போதவில்லை, உண்மைதான். ஆனால் எந்த ஆள்? முக்கியமாகக் கேப்டன். கேப்டன் ஆக ஏடிபிஎல் என்கிற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி வேண்டும், வலது சீட்டில் சில வருடம் உட்கார்ந்து வர வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்கவும் அதே அனுபவசாலிகள்தான் வேண்டும் என்பதால், மேலே தட்டுப்பாடு என்றால் கீழேயும் கதவு மெதுவாகத்தான் திறக்கும். 2023-இல் மட்டும் 1,600-க்கும் மேல் கமர்ஷியல் லைசென்ஸ் கொடுத்திருக்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ. இந்த இரண்டு கணக்கையும் ஒரு தடவையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கிறீர்களா? அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வாழ்த்து போன்தான். அம்மா போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

சரி, பழைய கதையும் கொஞ்சம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. இரண்டு முறையும் பயணிகளின் டிக்கெட் பணம் என்ன ஆகும் என்று எழுதினீர்கள், நல்லது. ஆயிரக்கணக்கான மணி பறந்து வேலை இழந்தவர்கள் அதே வேலை தேடும் வரிசையில் வந்து நிற்கும்போது 200 மணிக்காரப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஆனால் வருடா வருடம் மே மாதம் தவறாமல் இந்த இணைப்பு வந்துவிடுகிறது, வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, பின்னால் விமானம், சிரிக்கிற முகம். அதைப் பார்த்துத்தான் எங்கள் அப்பா தோட்டத்தை அடமானம் வைத்தார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள் என்பதை அவருக்கு வங்கியில்தான் சொன்னார்கள், உங்கள் இணைப்பில் இல்லை. பயிற்சிப் பள்ளியில் ஒன்றரை வருடம் என்றார்கள், மூன்று வருடத்தை நெருங்கியது. விமானம் ரிப்பேர், மழை, பயிற்றுநர் இல்லை, தேர்வு தேதி இல்லை. ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வை அப்போது வேறொரு துறை நடத்திக்கொண்டிருந்தது, அதற்குத் தனிக் காத்திருப்பு. ஹாஸ்டல் பணத்தை மட்டும் யாரும் காத்திருக்க விடவில்லை.

பள்ளியில் பயிற்றுநர் இல்லை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. கட்டுரைக்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியவர் யார் என்று பார்த்தேன், ஒரு பயிற்சிப் பள்ளியின் நிர்வாகி. பயிற்றுநராகச் சேருங்கள் என்று அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வார்! அந்தப் பயிற்றுநர் ரேட்டிங்குக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், முதலில் உதவிப் பயிற்றுநர், சம்பளம் என் ஜூனியர் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூட. அம்மிணியோடு படித்த ஒரு பையன் இரண்டு வருடமாகப் பயிற்றுநர்தான், செஸ்னாவில் மணி ஏறிக்கொண்டே போகிறது, விமான நிறுவன நேர்காணலில் அவனிடமும் டைப் ரேட்டிங் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், என் தங்கைக்கே பயிற்றுநர் வேலைதான் பிடித்திருக்கிறது. "எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும்ண்ணா, ஏர்லைன் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறாள். பிடித்துப் போவதென்றால் போகட்டும், நான் தடுக்கவில்லை, பயிற்றுநர் ரேட்டிங்குக்குப் பணம் கட்டிவிட்டோம். அடுத்த வருடம் வேறொரு வீட்டுப் பிள்ளை, வேலை வீடு தேடி வரும் என்று உங்கள் பக்கத்தை நம்பி அதே பணத்தைக் கட்டக்கூடாது, அவ்வளவுதான் என் வழக்கு.

கேட்பது சின்ன விஷயம். அடுத்த மே மாதம் இதே கட்டுரை வரத்தான் போகிறது. டைப் ரேட்டிங் செலவைத் தனி வரியாகப் போடுங்கள். பள்ளி நிர்வாகியோடு, லைசென்ஸ் வாங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடமும் பேசுங்கள், நம்பர் வேண்டுமென்றால் நானே தருகிறேன், நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பயிற்சிப் பள்ளி விளம்பரமே வேண்டாம் என்று கேட்கமாட்டேன், உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்