ஆதாரம் யாரிடம் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரச் சட்ட ஆலோசனைப் பகுதியில், ‘தொழிலாளி உரிய ஆதாரங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் விபத்து இழப்பீடு பெறுவதில் சிக்கல் இருக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன். மனம் நொந்துதான் எழுதுகிறேன். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், கேமரா, மெஷின் எல்லாமே முதலாளியிடம் இருக்கின்றன. நாங்கள் எதைப் பத்திரமாக வைத்திருப்பது?

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக, தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டினேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டாது. ஆனால் பீஸ் கணக்கு குறைகிறது என்று பட்டன் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கால்மிதி சுவிட்ச் வைத்திருந்தார்கள். வலது கையில் மூன்று விரல் போயிற்று. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மிதியைக் கழற்றிவிட்டார்கள். ஆய்வாளர் வந்தபோது இரண்டு பட்டனும் ஒழுங்காக வேலை செய்தன.

கூட வந்த சூப்பர்வைசர், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் ‘வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் கை சிக்கியது’ என்று எழுத வைத்துவிட்டார். நான் மயக்கத்தில் இருந்தேன். என் பெயர் இருந்த வருகை நோட்டு காணாமல் போய்ப் புது நோட்டு வந்தது. மாதம் முழுவதும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. கேமராப் பதிவு தானாக அழிந்துவிட்டதாம்.

1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு கையில் மூன்று விரல் போனால் 30 சதவீதச் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று தெளிவாகவே இருந்தது. அதன் 12-ம் பிரிவுப்படி கான்ட்ராக்ட் ஆளுக்கும் கம்பெனி பொறுப்பாக இருந்தது. சரி, அதெல்லாம் நான் அங்கே வேலை பார்த்தேன் என்று நிரூபித்த பிறகுதானே? கைவசமுள்ள ஆவணத்தை ஒருவர் தராவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று கோர்ட் அனுமானிக்க 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டமே இடம் கொடுத்தது. அதற்கும், அந்தப் பழைய நோட்டு இருந்தது என்று முதலில் நான் காட்ட வேண்டுமாம். பார்த்த சக தொழிலாளிக்கு வேலை போய்விடும் என்ற பயம். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு விபத்து என்றால் உங்கள் நிருபர்கள் ‘கவனக்குறைவால்’ என்று எழுதுகிறார்கள். கம்பெனி சொன்னதைத் தவிர வேறு யாரிடம் கேட்டார்கள்? பட்டாசு ஆலைகளில் லைசென்ஸ் ஒருவர் பெயரில், உள்குத்தகை இன்னொருவருக்கு. 2012-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் அத்தனை பேர் செத்தபோது பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். ஏட்டில் பெயரே இல்லாமல் வேலை செய்கிறவர்களைப் பற்றி அப்புறம் எத்தனை முறை எழுதினீர்கள்?

நான் கேட்பது சின்ன விஷயம். விபத்து நடந்த உடனே வீட்டார் ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்கி, எங்கே எப்படி அடிபட்டது என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். தப்பாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடமும் போலீசிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதை அடுத்த வாரம் அதே பகுதியில் நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிரஸ் தொழிலாளி, ஓசூர்
(வழக்கு நடப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்)