முளைவிட்ட பூண்டைக் கொட்டிவிடாதே

அன்பு மகளுக்கு,

கூடையில் கிடந்த பூண்டெல்லாம் முளைவிட்டுவிட்டது, குப்பையில் கொட்டப் போகிறேன் என்று போனில் சொன்னாய். கொட்டிவிடாதே, தாயே. பூண்டு போட்டுத்தான் உன்னையும் அண்ணனையும் படிக்கவைத்தோம். கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் பிறந்த பெண்ணின் சென்னை வீட்டில் ஒரு தொட்டி பூண்டாவது நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த முளைத்த பூண்டைப் பார்ப்போம். மேல்தோலை நீக்கிப் பல் பல்லாகப் பிரித்துக்கொள். ஒவ்வொரு பல்லின் மேலும் ஒட்டியிருக்கும் தோலை உரிக்க வேண்டாம், அதுதான் பல்லுக்குக் காப்பு. பல்லின் அடியில் தட்டையாக ஓரிடம் இருக்கிறதே, அதை உற்றுப் பார். ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருக்கும். வேர் அங்கிருந்துதான் இறங்கும். பிரிக்கும்போது அந்த அடி பிய்ந்துவிட்ட பல்லைக் குழம்புக்கு எடுத்துக்கொள். விரலுக்கு அமுங்குவதும் பூஞ்சை படிந்ததும் நடவுக்கு ஆகாது.

அடியில் ஓட்டை உள்ள தொட்டியாக எடு. செம்மண், மணல், மக்கிய மாட்டு எரு மூன்றையும் கலந்து நிரப்பு. தட்டையான பக்கம் கீழே, கூர்முனை மேலே இருக்கும்படி, இரண்டு அங்குலத்துக்குள் புதைத்து மூடு. தாளுக்காக, அதாவது பச்சை இலைக்காக நடுவதால் நெருக்கமாகவே நடலாம். விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடு. பூண்டு தண்ணீர் இல்லாமல் செத்ததைவிடத் தண்ணீர் மிஞ்சி அழுகியதுதான் அதிகம். ஐப்பசி மழை பிடிக்கும் நாட்களில் தொட்டியைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிடு.

மூன்று, நான்கு வாரத்தில் தாள் ஒரு சாண் வளர்ந்துவிடும். குருத்தை விட்டுவிட்டு ஓரத் தாள்களை மட்டும் கத்தரித்து எடு. உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் வறுத்து, புளி கொஞ்சம் சேர்த்து, தாளை ஒரு வதக்கு வதக்கி அரைத்தால் துவையல். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பார். சென்னையில் பூண்டு வளர்ப்பதற்கு இந்தத் தாள் ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

ஆனால் நீ கேட்டது முழுப் பூண்டு விளையுமா என்று. அங்கேதான் குளிர் குறுக்கே வருகிறது. பூண்டு பல்லாகப் பிரிய வேண்டுமென்றால் அதற்கு முன் சில வாரங்களாவது நல்ல குளிர் பட்டிருக்க வேண்டும். இங்கே மார்கழி, தை இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும், அதனால் நமக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையில் மார்கழியிலும் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிர் படாத பல்லை நட்டால் தாள் செழிப்பாக வரும், அடியில் ஒன்றும் திரளாது, இல்லையென்றால் உருண்டையாக ஒற்றைப் பல் மட்டும் நிற்கும். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதே. அந்த ஒற்றைப் பல்லை எடுத்துவைத்துக் குளிர் காட்டி மறுபடி நட்டால் பல் பிரிந்து வரும்.

அந்தக் குளிரை உன் ஃபிரிட்ஜ் தரும். முளைக்காத, கெட்டியான முழுப் பூண்டைப் பிரிக்காமல் காகிதப் பையில் போட்டு, காய்கறித் தட்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் வை. பிளாஸ்டிக் பை வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். புரட்டாசிக் கடைசியில் வைத்தால் கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு நடலாம். இதற்குப் பல்லுக்குப் பல் நான்கு அங்குலம் விடு, நல்ல வெயில் படும் இடமாகப் பார். தாளைக் கத்தரிக்காதே. தாளைப் பறித்துச் சாப்பிட்டால், அடியில் திரள வேண்டியதைத்தான் சாப்பிட்டதாகும். தாளில் வெள்ளைக் கீறல்கள் தெரிந்தால் இலைப்பேன் வந்திருக்கிறது என்று அர்த்தம், வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் தெளி. மாசி, பங்குனியில் கீழ்த் தாள்கள் மஞ்சளாகும். அப்போது தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் பொறுத்துப் பிடுங்கி, தாளோடு நிழலில் காயவிடு.

கடையில் பெரிய பெரிய பல்லாக, வெள்ளையாக இருப்பதை விதைக்கு நம்பாதே. நீண்ட பகலும் கடுங்குளிரும் உள்ள நாடுகளுக்கான ரகமாக இருந்தால் நம் பக்கத்துப் பகலுக்குத் திரளாது. நம் மலைப்பூண்டுதான் சரி. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் காரமும் மணமும் இந்த மண்ணும் குளிரும் சேர்ந்து கொடுப்பவை. தொட்டியில் அப்படியே வராது, பூண்டும் சிறுத்துத்தான் இருக்கும். இருந்தாலும் உன் கையால் விளைந்தது.

வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மூட்டையில் சேர்க்காமல், அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டில் ஒரு கொத்து எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் அடுத்த வாரம் சென்னைக்கு வரும்போது கொண்டுவருவான். வந்த அன்றே ஃபிரிட்ஜில் வைத்துவிடு, பையின் மேல் விதை என்று எழுதிவை. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, ரசத்துக்கு வேண்டியதைத் தனிப் பையில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா